டோரதி சிஸ்டரின் மூன்று குடம்

எந்தக் குழாயைக் கண்டாலும் டோரதி சிஸ்டர் ஒரு முறை திறந்து பார்ப்பார். தண்ணீர் வந்தால் மணிக்கட்டின் உட்புறத்தை அதில் ஒரு கணம் வைத்துவிட்டு மூடுவார். வராவிட்டால், குழாய் 'புஸ்' என்று காற்று விடுவதைக் கேட்டுவிட்டு மூடுவார். எங்கள் தெருமுனைக் குழாய், ரேஷன் கடை வாசலில் இருக்கும் குழாய், கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடம், ராயபுரத்தில் அவருடைய சர்ச் வாசலில் வாட்ச்மேன் செடிகளுக்கு ஊற்றும் குழாய், எதையும் விட மாட்டார். குடிக்க மாட்டார், கால் கழுவ மாட்டார். திறப்பார், பார்ப்பார், மூடுவார், போய்விடுவார்.

தெருவில் அவருக்கு 'கொயா இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னா சிஸ்டர், தண்ணி ஆபீஸ்ல சைடு வேல பாக்குறியா?" என்று ஆட்டோ ஓட்டும் திலீப் அண்ணன் கேட்பார். "ஆமாண்டா, ஒன் வூட்டு கனெக்‌ஷன தான் மொதல்ல கட் பண்ணணும்" என்பார் சிஸ்டர். நானும் சிரித்திருக்கிறேன். அது ஏன் என்று கேட்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ். நாங்கள் அதைச் 'சின்ன ஆஸ்பத்திரி' என்போம். அவர் அப்பா ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் இருந்தார். குட்டையானவர். மூக்கு பெரியது. அந்த மூக்கில் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த கண்ணாடி. சின்ன ஆஸ்பத்திரிக்கு சுகர், பிரஷர், தடுப்பூசி என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் எங்கள் பக்கத்தில் தீக்காயத்துக்கும் குறைவில்லை. பஜ்ஜிக் கடை எண்ணெய், பைக் சைலன்சர், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங் செய்யும்போது தெறிக்கும் பொறி. டூத் பேஸ்ட், காபித்தூள், பேனா மை, இட்லி மாவு என்று எதையாவது அப்பிக்கொண்டுதான் வருவார்கள். அதையெல்லாம் கழுவிவிட்டு மருந்து வைப்பதே அவருடைய பாதி வேலை.

என் பெயர் கௌசர். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான், இயற்பியல். இப்போது இன்னும் ஏதோ ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், எதற்கென்று சரியாகத் தெரியாமல். சிஸ்டரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்தக் கஞ்சித் தூக்கைத் தரையில் வைத்தவள் நான் என்பதால், எழுத வேண்டியவளும் நான்தான் என்று தோன்றுகிறது.

பதினோரு வருடங்களுக்கு முன்பு, முப்பதாவது நோன்பு. மறுநாள் பெருநாள். எனக்குப் பதின்மூன்று வயது. தங்கை ஃபிர்தௌஸுக்கு ஒன்றரை. அத்தா சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றப் போயிருந்தார். அம்மா ரஹீமுன்னிசா மருதாணி இலையை மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி வாங்கி வந்தேன். தூக்கின் பிடியைத் துப்பட்டாவால் சுற்றித்தான் தூக்க முடிந்தது, அவ்வளவு சூடு. வீட்டுக்குள் வந்ததும் தரையில் வைத்தேன். கறி இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். மூட மறந்துவிட்டு, "எனக்குத்தான் மொதல்ல" என்று அம்மாவிடம் உள்ளங்கையை நீட்டப் போனேன்.

ஃபிர்தௌஸ் வலது கையை மணிக்கட்டுக்கு மேல்வரை கஞ்சிக்குள் விட்டுவிட்டாள்.

அந்த அலறலை எழுத எனக்கு வார்த்தை இல்லை. கஞ்சி தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அம்மா புடவைத் தலைப்பால் வழித்தார். பக்கத்தில் கிண்ணம் நிறைய அரைத்த மருதாணி இருந்தது. எங்களுக்கு மருதாணி என்றால் குளிர்ச்சி. அம்மா அதை அள்ளி அந்தச் சின்னக் கை முழுவதும் பூசிவிட்டார். விரல் இடுக்கில்கூட.

டியூட்டி முடிந்து ஷேர் ஆட்டோவுக்குப் போய்க்கொண்டிருந்த டோரதி சிஸ்டர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"எதுல சுட்டுச்சு?"

"கஞ்சி சிஸ்டர், நோம்புக் கஞ்சி..."

"இது இன்னா பச்சையா?"

"மருதாணி. குளிர்ச்சின்னு..."

"சரி. மொதல்ல அந்த வளையல கழட்டு."

கண்ணேறுக்காகப் போட்ட பிளாஸ்டிக் கருவளையல் அது. அம்மா தயங்கினார். "தேவலாம்மா, கண்ணு பட்டா நான் பாத்துக்கறேன். கை வீங்கிச்சுன்னா இது சதைக்குள்ள பூந்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் பையிலிருந்த கத்திரியால் அதை வெட்டிவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். தெருக்குழாய் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையிலேயே திறந்து பார்த்து, காற்றுதான் வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேராக எதிர்வீட்டு ரசூல் பீவி மாமியின் வாசலுக்குப் போனார். அங்கே நீலம், ரோஸ், பச்சை என்று மூன்று பிளாஸ்டிக் குடங்கள், வெள்ளைத் துணி மூடி.

தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மாமி அந்த மூன்று குடத்தையும் பெருநாள் காலையில் குளிப்பதற்காகத் தொடாமல் வைத்திருந்தார். தனியாக இருப்பவர், வாய் அதிகம். அவர் குடத்தை வேறு யார் தொட்டாலும் தெரு ரெண்டாகும்.

"ஏ சிஸ்டரு! வையி அத்த! அது பெருநாள் தண்ணி!"

"நாளைக்குத் தரேன் பீவி."

"எங்கேந்து தருவ? லாரியே எப்ப வரும்னு தெரியாது. ஒங்க சர்ச்சு கெணத்துலேர்ந்து தூக்கியாருவியா?"

"தூக்கியாரேன். இப்ப உள்ள போயி ஒரு போர்வை கொண்டா."

மாமி திட்டிக்கொண்டே உள்ளே போனார். திட்டிக்கொண்டே வந்தார். கையில் இருந்தது பெருநாளுக்கு வாங்கிய புதுப் போர்வை, மடிப்புகூடக் கலையாதது.

சிஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தையின் உடம்பைப் போர்வையில் சுற்றி அம்மா மடியில் கொடுத்து, கையை மட்டும் வெளியே நீட்டிப் பிடித்தார். சொம்பில் மொண்டு, முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனிவரை மெல்லிய கம்பி மாதிரி ஊற்ற ஆரம்பித்தார். பச்சைத் தண்ணீர் படியில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தெளிந்த தண்ணீர் ஓடியது. அவர் நிறுத்தவில்லை.

தெரு கூடிவிட்டது. "போதும் சிஸ்டர், கொயந்தைக்கு ஜன்னி கண்டுடும்." "தண்ணி பட்டா கொப்பளிச்சுடும்னு சொல்லுவாங்களே." யாரோ ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் கட்டியோடு ஓடி வந்தார்கள்.

"ஐஸ நீயே தின்னு. கைக்குத் தண்ணி, ஒடம்புக்குப் போர்வை, அவ்ளோதான். சூடு தோலுக்குள்ள பூந்து குந்திகினு கீது. அத்த வெளிய இயுக்கணும். மூணு கொடம் ஆவும்."

நீலக் குடம் தீர்ந்தது. ரோஸ் குடம் தீர்ந்தது. அலறிக்கொண்டிருந்த ஃபிர்தௌஸ் விம்மலுக்கு வந்திருந்தாள். மூன்றாவது குடத்தில் சிஸ்டர் ஊற்றிய தண்ணீர் குழந்தையின் கையைவிட்டு விலகி விழத் தொடங்கியது. ரசூல் பீவி மாமி அவரைத் தோளால் இடித்தார்.

"தள்ளு அந்தாண்ட. நீ ஊத்துறதுல பாதி தரைக்குப் போவுது."

தன் பெருநாள் தண்ணீரின் கடைசிக் குடத்தை மாமியே ஊற்றி முடித்தார்.

சிஸ்டர் மளிகைக் கடையில் புதுப் பாலிதீன் கவர் ஒன்று வாங்கி, அந்தக் கையை அதற்குள் விட்டு, தளர்வாகக் கட்டினார். திலீப் அண்ணன் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டி முடிந்தவர் எங்களோடு ஏறிக்கொண்டதை அன்று நான் கவனிக்கவே இல்லை. அங்கே ஓர் இளம் டாக்டர் கேட்டார்: "தண்ணி ஊத்துனீங்களா? எவ்வளவு நேரம்?"

"மூணு கொடம் டாக்டர்" என்றார் அம்மா.

"மூணு குடம்னா எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்" என்றார் சிஸ்டர். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருதாணி அதற்குள் பிடித்துவிட்டிருந்தது. சுட்ட சிவப்பா, மருதாணிச் சிவப்பா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. காயம் எவ்வளவு ஆழம் என்பதைத் தோலின் நிறத்தை வைத்துத்தான் முதலில் பார்ப்பார்களாம். நாங்கள் அந்த நிறத்தையே மூடிவிட்டிருந்தோம்.

அவர் சொன்னது இதுதான். மேலோட்டமான காயம் என்றால் மூன்று வாரத்துக்குள் தானாக மூடிவிடும். மூடாவிட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும். அப்படியும் விரல்கள் உள்ளே இழுத்துக்கொண்டு மடங்கிப்போக வாய்ப்பு உண்டு. வாரம் ஒருமுறை இங்கே காட்ட வேண்டும். கட்டு மாற்றுவதைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம்.

திரும்பும்போது அம்மா ஆட்டோவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நானே என் கொயந்த கைய கெடுத்துட்டேன் சிஸ்டர்." சிஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "குளிர்ச்சின்னு தான வச்ச. நெனச்சது சரி. சரக்கு தான் தப்பு." தூக்கைத் தரையில் வைத்தது யார் என்று அவர் கேட்பார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் கேட்கவில்லை.

இருபத்தொரு நாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் தங்கையைத் தூக்கிக்கொண்டு போவோம். கட்டைப் பிரிக்க வேறு ஆளாக இருந்தால் ஒரு நிமிடம் ஆகும். சிஸ்டருக்கு அரை மணி நேரம். வலி மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். பிறகு ஒட்டிக்கொண்ட துணிமேல் சலைன் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பார். துணி ஊறி, தானாகக் கழன்று விழும்வரை இழுக்க மாட்டார். வெளியே சுகர் மாத்திரைக்கு நிற்கும் வரிசை சத்தம் போடும். "இன்னா சிஸ்டர், கட்டு பிரிக்கிறியா, கல்யாண ஆல்பம் பாக்குறியா?" "ஒன் கல்யாண ஆல்பம் தான். ஒன் மூஞ்ச பாத்துட்டு மூட முடில" என்பார், கையிலிருந்து கண் எடுக்காமல். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றுவார். சேர்த்துக் கட்டினால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றார்.

கட்டு இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில், கையைச் சுத்தமான கவருக்குள் விட்டு, தன் முகத்தைக் குழந்தையிடம் நீட்டுவார். "எம் மூக்க புடி." ஃபிர்தௌஸுக்கு அந்த மூக்கின்மேல் முதல் நாளிலிருந்தே கண். கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களும் எட்டிப் போகும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வராது.

ஏழாம் நாள் மருதாணி பிடித்த மேல்தோல் உரிந்து வந்தது. உள்ளே ரோஜா நிறம். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு விரல்களின் அடியில், புளியங்கொட்டை அளவுக்கு, வெளுத்த ஒரு திட்டு. சிஸ்டர் ஈரப் பஞ்சால் மற்ற இடங்களைத் தொட்டபோது குழந்தை வீறிட்டாள். அந்தத் திட்டைத் தொட்டபோது பேசாமல் இருந்தாள்.

"அங்க வலிக்கல பாருங்க சிஸ்டர், ஆறிடுச்சு!" என்றார் அம்மா.

சிஸ்டர் பஞ்சை நனைத்துக்கொண்டார். மறுபடி தொட்டார். ஃபிர்தௌஸ் சிரித்தாள். "அழுடி" என்றார் மிக மெதுவாக. "அழுடி கண்ணு." அவர் கண்ணாடி மங்கியிருந்ததைப் பார்த்தேன். வலிக்காத இடம்தான் ஆழமாகச் சுட்ட இடம் என்று அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார்.

அன்று அவர் ஒரு வேலை செய்தார். சலைன் பாட்டிலைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளைத் துடைத்து, காயத்தின்மேல் படாமல் பிடித்து, அந்தத் திட்டின் ஓரத்தைப் பேனாவால் வரைந்தார். அடுத்த முறை அதே தாளில், அந்தக் கோட்டுக்குள் இன்னொரு கோடு. பக்கத்தில் தேதி. அதற்கு அடுத்த முறை அதற்குள் இன்னொன்று. சில நாள் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். சில நாள் ஒரு மயிரிழை உள்ளே வரும். புதுத் தோல் ஓரத்திலிருந்து, ஆறும் பாலில் ஏடு படர்வது மாதிரி, உள்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் அதை இழுக்கவில்லை, தள்ளவில்லை. பிய்க்காமல், அழுக்குப் படாமல், காயாமல் பார்த்துக்கொண்டால் அது தானாக வரும் என்று நம்பி ஒரு பெண் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பதின்மூன்று வயதில் அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். இப்போதும் அப்படித்தான் நிற்கிறேன்.

கல்லூரியில் சுடுதண்ணீர் ஆறுவதை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வளைகோடு வரையும் சோதனை இருந்தது. முழு மதிப்பெண் வாங்கினேன். வரைந்து முடித்து அதைப் பார்த்தபோது, எனக்கு அந்தப் பிளாஸ்டிக் தாள்தான் நினைவுக்கு வந்தது. எது படிப்பு, எனக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அன்று தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள் கடுகளவு மிஞ்சியிருந்தது. இருபத்தொன்றாம் நாள் காலை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு சிஸ்டரிடம் காட்டப் போனோம். கட்டைப் பிரித்தார். பேனாவை எடுத்தார். வரைய ஒன்றும் இல்லை. பேனாவை மூடிவிட்டு முகத்தை நீட்டினார்.

"எம் மூக்க புடி."

ஐந்து விரல்களும் வந்தன. பிடித்த பிடியில் கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. "ஐயோ, வுடுடி, வுடுடி!" என்று சிஸ்டர் கத்த, வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் எடுத்து வைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். எண்ணெய் தேய்ப்பது, விரலை நீட்டி மடக்குவது என்று அதற்குப் பிறகும் ஒரு வருடம் சிஸ்டர் விடவில்லை.

குழாய் விஷயத்தைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கடலோர நெட்டுக்குப்பத்துக்கு மருத்துவ முகாம் போயிருக்கிறார். சுட்டுக்கொண்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள் என்று பேசியிருக்கிறார். ஒரு மீனவப் பெண் எழுந்து, "ஓடுற தண்ணின்னா முகத்துவாரத்து உப்புத் தண்ணியவா சிஸ்டர்? வூட்ல கீறது கொடத்துத் தண்ணிதான். அதுல எத்தினி கொடம்?" என்று கேட்டாளாம். சிஸ்டர் அன்று வீட்டுக்குப் போய், குடமும் சொம்பும் கடிகாரமும் வைத்துக்கொண்டு தன் கைமேலேயே ஊற்றிப் பார்த்திருக்கிறார். ஒரு குடம் ஏழு நிமிடம் வந்தது. அன்றிலிருந்து அவர் டாக்டர்களைத் தவிர யாரிடமும் நிமிடம் சொன்னதில்லை. மூணு குடம் என்றே சொல்வார். இப்போது எங்கள் தெருவில் நாலு வயதுக் குழந்தையும் அப்படித்தான் சொல்லும்.

"கொயா எங்க வரும், எங்க வராது, எதுல வெயிலுக்குத் தண்ணி சுடும்னு தெரிஞ்சிகினாதான நேரா தண்ணி கீற எடத்துக்கு ஓடலாம். தேடிகினு நின்னா அதுவே அஞ்சு நிமிஷம் பூடும்" என்றார். அவ்வளவுதான் அந்தப் பழக்கம்.

ரசூல் பீவி மாமியின் தண்ணீர் மட்டும் பாக்கி நின்றது. பெருநாள் முடிந்த வாரம் லாரி வந்தபோது சிஸ்டர் மூன்று குடம் பிடித்து மாமி வாசலில் வைத்தார். மாமி தொடவில்லை. "நீ எட்த்தது பெருநாள் தண்ணி. இது சும்மா தண்ணி. பெருநாளைக்குத் தா." அடுத்த பெருநாளுக்கு முந்தின நாள் சிஸ்டர் குடத்தோடு வந்தார். அன்று தெருக்குழாயில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. "தண்ணி கீறப்போ தந்தா அது கடன் அடச்சதா? தெரு காஞ்சி கெடக்கும்போது கொண்டா, பாக்கலாம்" என்றார் மாமி. ஒரு வருடம் சிஸ்டருக்கு டியூட்டி. ஒரு வருடம் மாமி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு சிஸ்டரை மீஞ்சூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். எப்போதாவது எங்கள் தெருவுக்கு வந்தால் மாமி வாசலிலிருந்தே கத்துவார்: "மூணு கொடம்!" சிஸ்டர் தெருக்குழாயைத் திறந்து மூடிவிட்டுக் கத்துவார்: "கொயா சரியில்ல, அடுத்த வருசம்!" அதைச் சாக்காக வைத்து இருவரும் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

போன மார்கழியில் டோரதி சிஸ்டர் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். காசிமேடு கல்லறைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். ஃபிர்தௌஸுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அந்தக் கையால் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். ஐந்து விரலும் மூடிய பிடி.

இறந்தவரிடமிருந்து யாருக்காவது ஏதாவது வர வேண்டியிருந்தால், 'ஹலால்' என்று சொல்லி விட்டுக்கொடுப்பது எங்கள் வழக்கம். சொல்லாவிட்டால் அந்தக் கடன் மறுமை நாள்வரை அவர் கழுத்தில் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமியிடம் மெதுவாகச் சொன்னார்: "மாமி, அந்த மூணு கொடத்த ஹலால் பண்ணிடுங்க."

மாமி படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"முடியாது."

"இன்னா மாமி, அவங்க போயிட்டாங்க. நான் வேணா தரேன்."

"நீ இன்னாத்துக்குத் தர? வாங்கினவ தரணும்." மாமி சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "ஹலால்னு சொல்லிட்டா அவ பாட்டுக்கு அவுங்க ஆளுங்களோட பூடுவா. மறுமைல அம்மாங் கூட்டத்துல நான் எங்க போயி அவள தேடுவேன்? பாக்கி நிக்கட்டும். கொடத்த தூக்கிகினு அவளே என்னத் தேடி வரட்டும்."